நாற்பத்தொன்றாவது அடிக்குறிப்பு

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணி வாக்கில் சமையலறை ஃப்ரிட்ஜ் மூன்று முறை நடுங்கி அடங்கியது. ஃப்ரிட்ஜ் என்றால் நடுங்கத்தானே செய்யும், இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அதிசயம் இவ்வளவுதான்: அந்த ஃப்ரிட்ஜ் செத்துப் பத்து நாளாகிறது. பழுதுபார்க்க வந்தவர் அதன் முதுகுப்பக்கத்தைக் கழற்றி, கம்ப்ரசரை ஒரு சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போனவர்தான். அதற்கப்புறம் போன் செய்தால் எடுப்பதே இல்லை. பிளக் தரையில் கிடந்தது. பாலும் காயும் இருக்க வேண்டிய தட்டுகளில் அவள் பழைய மெய்ப்புத்தாள்களை அடுக்கி வைத்திருந்தாள், வீட்டில் வேறு இடமில்லாமல்.

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். தகடு அசையவில்லை. கதவைத் திறந்தபோது ரப்பர் வாசனையும் பழைய காகித வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு திரும்பினாள். பக்கத்து வீடு ஆறு மாதமாகப் பூட்டிக் கிடப்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் தனியாக இருக்கிறவர்கள் இந்த மாதிரி விஷயங்களில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் போவார்கள். எல்லாவற்றையும் தோண்டிக்கொண்டிருந்தால் தூக்கம் வருவதெப்படி?

அவளுக்கு வயது நாற்பத்தாறு. ஓர் ஆய்விதழில் இருபது வருடமாக மெய்ப்புப் பார்க்கிறாள். அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தவர்களெல்லாம் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், பெயர் மட்டும் தங்கிவிட்டது. இந்த வருடம் இதழின் பழைய கட்டுரைகளையெல்லாம் ஒரு நிரந்தரக் காப்பகத்துக்கு மாற்றுகிறார்கள். மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் கொடுத்திருக்கும் இணைய முகவரிகளைத் திறந்து பார்த்து, உயிரோடு இருக்கிறதா, போய்விட்டதா என்று அட்டவணையில் குறிக்க வேண்டும். அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார்கள், செய்தாள்.

நான்கு மாதமாக அவள் பார்ப்பதெல்லாம் இல்லாமல் போன பக்கங்கள். ஒருவர் பத்து வருடம் உழைத்து ஒரு வாக்கியம் எழுதி, நம்பிக்கை இல்லையென்றால் இங்கே போய்ப் பார் என்று ஒரு முகவரியும் கொடுத்திருப்பார். போய்ப் பார்த்தால் வெள்ளைத்திரை, நடுவில் ‘நீங்கள் தேடிய பக்கம் இங்கே இல்லை’. சில இடங்களில் செருப்பு விளம்பரம். பத்துக்கு ஆறு இப்படித்தான். முதல் மாதம் பாவமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் இருநூறு கதவைத் தட்டி, பாதிக்குமேல் யாரும் இல்லை, யாரும் இல்லை என்று குறித்துவிட்டு எழுந்திருப்பாள். தபால்காரருக்குக்கூட இதைவிட அதிகமாகக் கதவு திறக்கும்.

காப்பகத்தார் ஒரு விதி வைத்திருந்தார்கள். ஒரு கட்டுரையின் முகவரிகளில் பாதிக்குமேல் போய்விட்டால் கட்டுரையையே எடுத்துவிடுவார்கள். ஆதாரமில்லாத பேச்சை அவர்கள் சேர்ப்பதில்லை. விலக்கு ஒன்றே ஒன்று. அந்தப் பக்கம் உயிரோடு இருந்த காலத்தில் சோதிப்பவரே அதைத் திறந்திருந்தால், அட்டவணையில் ‘நேரில் பார்த்தேன்’ என்றோ ‘நேரில் கேட்டேன்’ என்றோ எழுதித் தன் முதலெழுத்தைப் போடலாம். அது போதும். ஒருவர் பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்தால் பார்த்திருக்கிறார் என்று அந்தத் தொழிலில் இன்னமும் நம்புகிறார்கள்.

திங்கட்கிழமை, அட்டவணையில் அவள் அக்காவின் கட்டுரை வந்தது.

அக்கா அவளைவிட ஒன்பது வயது மூத்தவள். ஒலி ஆராய்ச்சி செய்தவள். எழுதியது நிறைய, அச்சானது ஒன்றே ஒன்று: ‘தனியாக வசிப்பவர்களின் வீட்டு ஒலிகள்’. கருவியைத் தூக்கிக்கொண்டு நாற்பது பேர் வீட்டுக்குப் போய், சாயங்கால நேரத்தில் ஒருவர் மட்டும் இருக்கிற வீடு என்னென்ன சத்தம் போடுகிறது என்று பதிந்துகொண்டு வந்தாள். நாற்பத்தொன்றாவது அவளுடைய சொந்த வீடு. பதிவுகளைப் போட்டுவைக்கத் தானே ஓர் இணையதளம் நடத்தினாள். கட்டுரையின் நாற்பத்தொரு அடிக்குறிப்பும் அங்கேதான் போயின. ஒவ்வொரு பதிவை ஏற்றியதும் தங்கைக்குப் போன் வரும்.

“கேட்டியாடி?”

“கேட்டேன்கா. நல்லா இருந்துச்சு.”

“எது நல்லா இருந்துச்சு?”

“எல்லாமேதான்.”

அக்கா சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். தங்கை ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. யாரோ வீட்டில் குழாய் சொட்டுவதை இயர்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? இத்தனைக்கும் அந்தக் கட்டுரைக்கு மெய்ப்புப் பார்த்தவளே அவள்தான். மெய்ப்புப் பார்க்கிறவர்கள் படிப்பார்கள் என்று வெளியில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காற்புள்ளி இருக்கிறதா, எண் வரிசை தாண்டிப் போகவில்லையே, அவ்வளவுதான் பார்ப்பார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் அக்கா தன் வீட்டில் இறந்துபோனாள். வெளியே தெரியவே மூன்று நாளானது. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். இதயம் நிற்காமல் யார்தான் செத்திருக்கிறார்கள் என்று அவளுக்குக் கோபம் வந்தது, கோபமெல்லாம் தன்மேல்தான். அந்த மூன்று நாளில் ஒருதடவை போன் செய்திருக்கலாம். அக்காவின் தளம் அதற்கப்புறமும் ஒரு வருடம் இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாப் பதிவையும் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஐம்பது ஞாயிற்றுக்கிழமை நினைத்தாள். ஒருநாள் திறந்தால் வெள்ளைத்திரை.

திங்கட்கிழமை அந்த நாற்பத்தொரு முகவரியையும் வரிசையாகத் தட்டினாள். ஒன்றும் திறக்கவில்லை. அக்கா பேரில் இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு கட்டுரை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதழாசிரியர் பட்டியலை முடித்து அனுப்பும்போது அதுவும் போய்விடும். அவள் வெகுநேரம் யோசிக்கவில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணலாமென்றால், நாற்பத்தொரு பொய் சொல்லி ஒரு கட்டுரையைக் காப்பாற்றக் கூடாதா? முதல் வரியில் ‘நேரில் கேட்டேன்’ என்று எழுதி முதலெழுத்தைப் போட்டாள். அப்படியே நாற்பத்தொன்று வரைக்கும் போட்டுக்கொண்டே போனாள். இருபது வருடத்தில் அவள் பொய்யாகக் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல்தடவை.

ஃப்ரிட்ஜ் நடுங்கியது அதற்கு மறுநாள்.

அன்றே இன்னும் இரண்டு வந்தன. அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் சொட்டுகிற சத்தம், டங், டங் என்று நிதானமாக. பாத்திரம் நிறைய நிறைய அதன் குரல் கம்மிக்கொண்டே போனது. அவள் வீட்டில் அலுமினியப் பாத்திரமே கிடையாது. அப்புறம் தலைக்கு மேலே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அவள் இருப்பது கடைசி மாடி. அதற்கு மேலே வெறும் தளமும் தண்ணீர்த் தொட்டியும்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே திட்டிக்கொண்டு சீக்கிரமே படுத்துவிட்டாள்.

புதன்கிழமை விளக்குப் போடுகிற நேரத்தில் மறுபடி ஆரம்பித்தது. சுவர்க்கடிகாரம் ஒன்று மணியடிக்கத் தொண்டையைச் செருமியது, அடிக்காமல் விட்டது. கடிகாரம் மாட்டின ஆணிகூட அந்தச் சுவரில் இல்லை. துணி துவைக்கிற மெஷின் ஒன்று சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. கட்டிலுக்கடியில் ஒரு பூனை பால் குடித்தது, நக்கி நக்கி, தட்டின் அடி தெரிகிறவரைக்கும். குனிந்து பார்த்தாள், தூசிதான் இருந்தது. அப்புறம் அறையின் நடுவில், சாப்பாட்டு மேசையருகே, ஒரு கிழவர் இருமினார். வறட்டு இருமல். இருமி முடித்து, மாத்திரை டப்பாவின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டே வாய்க்குள் முணுமுணுத்தார்.

“திங்கள், செவ்வாய், புதன்…”

மேசையருகே யாரும் இல்லை. நாற்காலி காலையில் எப்படித் தள்ளி வைத்தாளோ அப்படியே இருந்தது. குரல் மட்டும், உட்கார்ந்திருக்கிற ஆளின் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்குமோ அவ்வளவு உயரத்திலிருந்து வந்தது. பேயறைந்த மாதிரி என்பார்களே, அப்படித்தான் நின்றாள். ஆனால் அவளை உறைய வைத்தது குரல் இல்லை, அந்த மூன்று கிழமை. ‘திங்கள் செவ்வாய் புதன்’ என்று வந்திருந்ததை நடுவில் காற்புள்ளி போட்டுப் பிரித்தது அவளேதான். அக்காவின் கட்டுரையில், ஏழாவது அடிக்குறிப்பில்.

மடிக்கணினியைத் திறந்து, தன் வாழ்நாளில் முதல்தடவையாக அக்கா எழுதியதைப் படித்தாள். ஃப்ரிட்ஜ் மூன்று முறை நடுங்கி அடங்குவது ஒன்றாவது குறிப்பு. அலுமினியப் பாத்திரம் இரண்டாவது. ‘மாடியில் நாற்காலி இழுபடுகிறது, மாடியில் குடியிருப்பு இல்லை’ என்பது மூன்றாவது. கடிகாரம், மெஷின், பூனை, கிழவர். வரிசை கொஞ்சமும் பிசகவில்லை. நாற்பத்தொரு தடவை நேரில் கேட்டேன் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. கையெழுத்து வாங்கியபின் சரக்கு வந்து இறங்குகிற மாதிரி ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. பயத்தில் வேகவேகமாகக் கீழே போனாள். பத்தொன்பதில் கண் நின்றது.

‘19. கதவருகே மூச்சு. வீட்டுக்காரருடையது அல்ல, அவர் அப்போது குளியலறையில் இருந்தார். தூரம் பன்னிரண்டு அடி.’

‘24. வேறு வீடு, வேறு தெரு. அதே மூச்சு. தூரம் ஒன்பது அடி. கருவியின் குறை அல்ல. மூன்று கருவிகளை மாற்றிப் பார்த்தேன்.’

முப்பத்தொன்றில் ஆறு அடி. முப்பத்தாறில் மூன்று. நாற்பதில் ஒரு அடி. எல்லாம் அக்காவுக்கே உரிய நடை, ஒரு வார்த்தை கூடாது, ஒரு வார்த்தை குறையாது. கடைசிக் குறிப்புதான் எல்லாவற்றிலும் சின்னது.

‘41. என் வீடு. தூரம் அளக்க முடியவில்லை.’

அந்த வரியை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். முற்றுப்புள்ளி சரியாக இருக்கிறது என்று பக்கத்தில் டிக் போட்டிருக்கிறாள். இது என்னக்கா, உன் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நினைத்து அன்றைக்கு விக்கி விக்கி அழுதாள். பின்னால் யாரோ தான் ஒருவராக இருந்தும் இருவருக்குத் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது, பன்னிரண்டாவது குறிப்பு. அதைக்கூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருக்கவே கூடாதென்று நான்கு மணிக்கே பூட்டிக்கொண்டு கிளம்பினாள். கடைத்தெருவை இரண்டு தடவை சுற்றினாள். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, வருகிற பஸ்ஸுக்கெல்லாம் ஏறப்போகிறவள் மாதிரி எழுந்து நின்று மறுபடி உட்கார்ந்தாள். யாரையாவது கூப்பிடலாம் என்று போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். கேஸ் கம்பெனி, பல் டாக்டர், ஃப்ரிட்ஜ்காரர், அலுவலகம், பழைய வீட்டுக்காரர். வீட்டில் சத்தம் கேட்கிறது என்றால் எலியாக இருக்கும் என்பார்கள். நாற்பத்தாறு வருடம் உயிரோடு இருந்து, பயமாக இருக்கிறது என்று சொல்ல ஒரு ஆளைச் சம்பாதிக்கவில்லையே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. இருட்டத் தொடங்கியதும் நிறுத்தத்தில் இருந்தவர்கள் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அவளும் போனாள். வேறெங்கே போவாள்?

பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, செருப்பைக் கழற்றுகிறவரைக்கும் வீடு பொறுமையாக இருந்தது. அவள் சோபாவில் உட்கார்ந்த பிறகுதான் பதின்மூன்றாவது ஆரம்பித்தது. ரேடியோவில் யாரோ செய்தி வாசிக்க, கேட்கிறவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘அப்படியா, அப்படியா’ என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பெண் பாத்திரம் கழுவியபடியே தன்னோடு தானே சண்டை போட்டாள். ஒருவர் சத்தத்தை அடக்கிக்கொண்டு விசும்பி, மூக்கைச் சிந்திவிட்டு, மறுபடி கரண்டியை எடுத்தார். ஆளுக்கொரு வீடு, வீட்டுக்கொரு ஆள். அந்தப் பயத்துக்கு நடுவிலும் அவளுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருடமாகத் தான் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்க்கிற சத்தமும் வெளியிலிருந்து கேட்டால் இப்படித்தான் இருக்கும். அக்கா இதைத்தான் கேட்டுப் பார் என்று கெஞ்சியிருக்கிறாள்.

பிறகு எல்லாம் ஒரேயடியாக நின்றது.

கதவருகே மூச்சு.

ஈரமான, அவசரமில்லாத மூச்சு. உள்ளே இழுப்பதற்கும் வெளியே விடுவதற்கும் நடுவில் ஏதோ யோசிப்பதுபோல் சற்று நின்றது. துவைத்த துணியைக் காயப்போடாமல் மூலையில் சுருட்டி வைத்தால் ஒரு வாசனை வருமே, அந்த வாசனை அறைக்குள் மெதுவாக நிறைந்தது. கதவருகே அவள் செருப்பு கிடந்தது, குடை தொங்கியது, வேறு ஒன்றுமில்லை. ஆனால் குடையின் நிழல் சுவரில் விழ வேண்டிய இடத்தில் விழவில்லை. நடுவில் எதுவோ நின்று அதை வாங்கிக்கொண்டது. அவள் வீட்டுத் தரையில் ஓரடிச் சதுரக் கற்கள். இருபது வருடப் பழக்கம் லேசில் விடுமா, சோபாவின் காலிலிருந்து கதவுவரைக்கும் எண்ணினாள். பன்னிரண்டு.

இருபத்துநான்காவது குறிப்பு வந்தபோது அது ஒன்பதாவது கல்லில் இருந்தது. நகர்ந்ததை அவள் பார்க்கவில்லை. நகர்கிற சத்தமும் இல்லை. அங்கே இருந்தது, இப்போது இங்கே இருந்தது.

“அக்கா?” என்றாள்.

மூச்சு நின்றது. கொஞ்ச நேரம் வீடே அமைதியாக இருந்தது. பிறகு முன்போலவே தொடர்ந்தது.

ஆமாம் என்று எடுத்துக்கொள்ளத் தனியாக இருக்கிறவர்களுக்கு அது போதும். அக்கா உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தபோதே, யார் யார் வீட்டிலோ அந்த மூச்சு கேட்டிருக்கிறதே என்ற கணக்கை அவள் போட்டுப் பார்க்கவில்லை. தெரியாமல் இல்லை, வேண்டுமென்றேதான் போட்டுப் பார்க்கவில்லை. அக்காதான் வந்திருக்கிறாள், கோபமாக இருக்கிறாள், கோபப்பட நியாயம் இருக்கிறது. இப்படி நினைத்ததும் பயத்துக்கு அடியில் எங்கேயோ ஒரு சந்தோஷம்கூட வந்தது. முப்பதோடு அன்றைக்கு ஓய்ந்தது. விளக்கை அணைக்காமல் சோபாவிலேயே கால்களை மடக்கிக்கொண்டு விடிகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை பகலெல்லாம் ஒரே ஒரு கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தாள். ‘மதிப்பிற்குரிய ஐயா, அந்தப் பதிவுகளை நான் கேட்டதில்லை. அட்டவணையில் எழுதியது பொய்.’ இவ்வளவுதான் கடிதம். அனுப்பினால் போதும், கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டால் வந்தது திரும்பிப் போய்விடும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. ஆனால் அனுப்பினால் கட்டுரையும் போகும். அப்புறம் அக்கா பெயரை எங்கே போய்த் தேடினாலும் இங்கே இல்லை, இங்கே இல்லை என்றுதான் வரும். மடியில் கனமில்லையென்றால் வழியில் பயமில்லை என்பார்கள். அவள் மடியில் இருந்த கனம் அக்கா. இறக்கி வைக்க மனசு வரவில்லை. எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். ஐந்தரை மணிக்கு ஜன்னலில் வெளிச்சம் மங்கியது.

முப்பத்தொன்று. ஆறாவது கல்.

அதற்கப்புறம் வந்த நாலைந்து சத்தத்தை அவள் கேட்டதாகவே சொல்ல முடியாது. தையல் மெஷின். யாரோ பல் துலக்கினார்கள். காதெல்லாம் அந்த ஒரு மூச்சின்மேல் இருந்தது.

முப்பத்தாறு. மூன்றாவது கல். ஈரத்துணி வாசனை தொண்டைவரைக்கும் இறங்கியது.

நாற்பது. சோபாவின் காலருகே.

போன் அடித்தது.

இதழாசிரியர். ஓய்வு பெறப் பத்து மாதம் இருக்கிற மனிதர், எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் விடாதவர். அவள் வேலையை மட்டும் ஒருதடவையும் சோதித்ததில்லை. பட்டியலை முடித்துவிட்டேன், உங்கள் அக்கா கட்டுரையும் சேர்ந்துவிட்டது, எனக்கும் சந்தோஷம் என்றார். எல்லாம் முடித்தபின் சும்மா ஒரு ஆசைக்குக் கடைசி முகவரியைத் தட்டிப் பார்த்தாராம்.

“போயிடுச்சுன்னு போட்டிருக்கீங்க. எனக்குத் திறக்குதே மேடம்.”

என்ன வருகிறது என்று ஒருவழியாகக் கேட்டாள்.

“பதிவு ஓடுது. எத்தனை நிமிஷம்னு போடல, அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கு. ஆனா… இதுல உங்க குரல் வருதே. ‘என்ன வருது சார்’னு இப்பக் கேட்டீங்கல்ல, அதுவும் வந்துச்சு.”

மறுபடி பேசியபோது அவர் குரலில் அலுவலகத் தோரணை இல்லை. இப்போது நான் பேசுவதும் அதில் வருகிறது, நான் பேசுவதற்குக் கொஞ்சம் முன்னாடியே வருகிறது என்றார். அதைச் சொல்லும்போதே நடுவில் ஒருதடவை தடுமாறினார். தான் சொல்லப்போவதைத் தானே கேட்டுவிட்டவர் எப்படிப் பேசுவாரோ அப்படிப் பேசினார்.

“உங்க பக்கத்துல யாரு?”

“யாருமில்ல சார். நான் தனியாத்தான் இருக்கேன்.”

“இல்லம்மா. ரெண்டு பேர் மூச்சு கேக்குது.”

அவள் தரையைப் பார்த்தாள். கல்லில் ஒன்றுமில்லை. சோபாவின் கால். அவளுடைய கால்.

“நீங்க இதையெல்லாம் கேக்கவே இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க,” என்றார் அவர். “மொத்தக் கட்டுரையையும் இப்பவே எடுத்துடறேன். ஏன் எழுதினீங்கன்னு கேக்க மாட்டேன்.”

ஒரு வார்த்தை. வாய்வரைக்கும் வந்தது. அக்காவின் வீட்டுக் கதவை உடைத்தபோது உள்ளே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி ஞாபகம் வந்தது. மூன்று நாள், யாரும் இல்லாமல், அது பாட்டுக்கு ஓடியிருக்கிறது. அன்றைக்கு விட்டேன், இன்றைக்கும் விட்டுவிட்டால் நான் என்ன மனுஷி என்று நினைத்தாள்.

“இருக்கட்டும் சார்,” என்றாள். “நான் கேட்டுட்டுதான் இருக்கேன்.”

அவர் போனை வைத்துவிட்டார்.

எழுதி வைத்திருந்த கடிதத்தை அழித்தாள். அட்டவணையைத் திறந்து நாற்பத்தொன்றாவது முகவரியைத் தட்டினாள். வெள்ளைத்திரை வரவில்லை. கறுப்புத் திரையில் மெல்லிய கோடு ஒன்று நடுங்கி நடுங்கி ஓடிக்கொண்டிருந்தது. கணினியிலிருந்து ஓர் அறையின் சத்தம் வந்தது. இந்த அறை. அவளுடைய மூச்சு, மேலும் கீழுமாக. அதோடு இன்னொன்று.

வலப்பக்கம் சோபா மெத்தை அமிழ்ந்தது.

மெதுவாக. ஒரு ஆள் உட்கார்ந்தால் அமிழ்கிற அளவு. அமிழ்ந்தபடியே நின்றது.

ஈரத்துணி வாசனை. காதருகே காற்று, சூடே இல்லாமல். தோளில் ஒரு கனம் சாய்ந்தது.

அவளுக்குக் கண்ணீர் வந்தது. பயத்தில் இல்லை. மூன்று வருடமாக அந்தத் தோளில் யாரும் சாயவில்லை.

கணினியிலிருந்து அவள் குரல், தழுதழுத்து: “வந்துட்டியாக்கா.”

“வந்துட்டியாக்கா,” என்றாள் அவள்.

சொல்லிவிட்டு முகத்தைப் பார்க்கத் திரும்பினாள். மெதுவாகத்தான். கழுத்து வலித்தது.

கணினியிலிருந்து மறுபடியும் அவள் குரல். இந்தத் தடவை அது அவள் குரல் மாதிரியே இல்லை.

“நீ அக்கா இல்ல.”

அவள் இன்னும் பாதிதான் திரும்பியிருந்தாள்.